உங்க வீட்டுக்கு ஒரு டாக்டர் உண்டா?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "டாக்டர் சார், நீங்க எதுல ஸ்பெஷலிஸ்ட்? ஹார்ட்டா, கிட்னியா?"

"பொது மருத்துவம்" என்றேன்.

"ஓ... வெறும் ஜெனரல்தானா!" என்றவர், ரசம் வருகிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வருத்தமில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.டி. படித்து, 'ஒரு உறுப்பை மட்டும் பார்க்க வேண்டாம், ஆளை முழுசாகப் பார்ப்போம்' என்று நானே ஆசைப்பட்டு எடுத்த முடிவு இது. ஆனால், அந்த 'வெறும்' என்ற வார்த்தையால் நஷ்டம் உங்களுக்குத்தான். எப்படி என்கிறீர்களா?

68 வயது அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு பை நிறைய மாத்திரை. முட்டி வலிக்கு ஒரு டாக்டர் டைக்ளோஃபினாக் கொடுத்திருந்தார். இந்த வகை வலி மாத்திரை சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஏற்றிவிட்டது. அதற்கு இன்னொரு டாக்டர் அம்லோடிபின் எழுதினார். அதைச் சாப்பிட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீங்கியது. வீக்கம் வடிய மூன்றாவது டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார். வலி மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் வயசானவர்களின் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறத் தொடங்கியிருந்தது.

"எனக்குக் கிட்னி போயிடுச்சா டாக்டர்?" என்று அழுதார்.

மூன்று டாக்டர்களும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் முன்னால் வந்த தொந்தரவுக்கு மருந்து கொடுத்தார்கள். பையை மொத்தமாகக் கொட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை!

நான் கொட்டிப் பார்த்தேன். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று அரை மணி நேரம் கேட்டேன். வலி மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமாலும் முட்டிக்கு உடற்பயிற்சியும் சொன்னேன். மற்ற இரண்டையும் படிப்படியாகக் குறைத்தோம். சில வாரங்களில் கிரியாட்டினினும் இறங்கியது. நான் புதிதாகச் சேர்த்த வைத்தியம் ரொம்பக் கம்மி. எடுத்துவிட்டதுதான் அதிகம்.

நார்வே நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு குடும்ப டாக்டர் உண்டு. 2022-ல் அச்சான ஓர் ஆய்வு அங்கே லட்சக்கணக்கானவர்களைக் கணக்கெடுத்தது. ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் போனவர்களிடம், ஒரு வருஷம் மட்டுமே போனவர்களைவிட இறப்பு சுமார் 25 சதவிகிதம் குறைவாக இருந்ததாம். டாக்டர் உங்களை அறிந்திருப்பதும் ஒரு மருந்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இது நமக்குப் புதுசும் இல்லை. சென்னை வியாசர்பாடியில் 2 ரூபாய், பிறகு 5 ரூபாய் என்று வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020-ல் காலமானபோது, அந்தப் பேட்டையே தன் வீட்டுப் பெரியவரை இழந்த மாதிரி கலங்கியது.

ஸ்பெஷலிஸ்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சு வலியா, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறதா? என்னைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்ற நேரங்களில், எந்த ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகணும், போகத்தான் வேணுமா என்று சொல்ல ஒரு டாக்டர் இருக்கட்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "மாத்திரையே எழுதலை, இதுக்கு எதுக்கு ஃபீஸ்?" என்று கேட்கிறீர்கள். டாக்டர் உங்களுக்காக யோசித்த நேரத்துக்குத்தான் அந்த ஃபீஸ்! அதற்கு மதிப்பில்லாமல் போனால், நாளைக்கு இந்தப் படிப்பை விரும்பி எடுக்க யார் வருவார்கள்? உங்கள் மகளோ மகனோ டாக்டருக்குப் படித்து, "பொது மருத்துவமே எனக்குப் பிடிச்சிருக்கு" என்றால், முகம் சுளிக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பக்கத்துத் தெரு டாக்டரிடம் அப்படியே கொண்டுபோய், "இத்தனையும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

பொறுமையாகக் கொட்டிப் பார்க்கிறாரா? அவரை விட்டுவிடாதீர்கள். உங்க வீட்டுக்கு ஒரு டாக்டர் கிடைத்துவிட்டார்!