பாமரர் பாட்டும் பல்கலைக்கழகமும்

பாமரர் பாட்டைப் பட்டத்திற்குரிய ஆய்வுப் பொருளாக்குவதா என்று முகஞ்சுளிப்போர் கற்றோர் அவையில் இன்றும் உளர். அச்சேறியதே இலக்கியம், ஏனையவை பொழுதுபோக்கு என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு எத்துணைப் பிழையுடையது என்பதை அமெரிக்க நாட்டு அறிஞர் அமெரிக்கோ பரேதெஸின் வாழ்க்கை காட்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரௌன்ஸ்வில் நகரில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர் பரேதெஸ். செய்தித்தாள் பணியிலும் படைப்பணியிலும் பல்லாண்டுகள் கழித்த பின்னரே பல்கலைக்கழகம் புகுந்து, 1956இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆய்ந்தது காவியமன்று. எல்லைப்புறத்து எளிய மக்கள் கித்தார் மீட்டிப் பாடிய 'கொரிடோ' என்னும் கதைப்பாட்டு.

அப்பாட்டின் தலைவன் கிரிகோரியோ கோர்தெஸ் என்னும் உழவன். 1901 ஜூன் திங்களில், குதிரைத் திருடனைத் தேடிவந்த ஷெரிப் ஒருவர், அண்மையில் குதிரை மாற்றினாயா என்று மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அவனை வினவினார். கோர்தெஸ் மாற்றியிருந்தது பெட்டைக்குதிரை. ஸ்பானிய மொழியில் ஆண்குதிரைக்கு ஒரு சொல், பெட்டைக்கு வேறொரு சொல். ஆதலின் அவன் "இல்லை" என்றான். அவ்வுண்மை பொய்யாகக் கொள்ளப்பட்டது. ஷெரிப்பின் குண்டு அவன் தமையன்மீது பாய்ந்தது. கோர்தெஸின் குண்டுக்கு ஷெரிப் பலியானார். மொழியாசிரியர்க்கு இதனினும் நல்ல பாடம் கிடைத்தல் அரிது! நூற்றுக்கணக்கானோர் துரத்தப் பத்து நாள் அளவும் ஓடிய கோர்தெஸ், பிடிபட்டுச் சிறை புகுந்து, 1913இல் ஆளுநரின் மன்னிப்பால் விடுதலையுற்றான்.

பாட்டு மிகைப்படுத்தும், அதனை நம்பி வரலாறு காண்பதா என்பர் மறுப்போர். பரேதெஸ் அதனை நம்பினார் என்று எவர் சொன்னது? 1958இல் வெளிவந்த அவர் நூலில் மக்கள் சொல்லும் கதைக்கு ஓர் இயலும், மெய்யாக வாழ்ந்த மனிதனுக்கு வேறோர் இயலும் உண்டு. பாட்டின் வேறுபட்ட வடிவங்களை அருகருகே வைத்து, எது பழையது, எது பின் சேர்ந்தது என நுணுகி நோக்கினார். இதனினும் கடிய சோதனை எந்தக் காவியத்துக்கு நிகழ்ந்தது?

சோதனைக்கு உட்படாதது வேறொன்று. அதே பல்கலைக்கழகத்தின் பெரும் பேராசிரியர் வால்டர் பிரெஸ்காட் வெப், 1935இல் டெக்சாஸ் ரேஞ்சர் படையைப் புகழ்ந்து எழுதிய நூல் வரலாறாகவே ஏற்கப்பட்டிருந்தது. அட்டையும் அச்சும் இருந்தமையால் அதன் மிகை மிகையாகத் தோன்றவில்லை போலும். பரேதெஸ் அதனைப் பெயர் சுட்டியே மறுத்தார்; அதுவும் வெப் வாழ்ந்திருந்த நாளிலேயே. அத்துணிவை அவருக்கு அளித்தது பாமரர் பாட்டே.

1970இல் அப்பல்கலைக்கழகத்தில் மெக்சிகோ அமெரிக்கர் ஆய்வு மையம் தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. அவர் தம் இளமையில், 1930களின் பிற்பகுதியில் எழுதிய 'ஜார்ஜ் வாஷிங்டன் கோமெஸ்' என்னும் நாவல் 1990இல்தான் அச்சேறியது. அச்சேறியதே இலக்கியமெனின், இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளும் அந்நாவல் என்னவாக இருந்தது?