கிருமிக்கு முன்னே வரும் கட்டியம்

எச்.ஐ.வி. தொற்றியவர் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டால், குருதிப் பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடுகிறது. அழிந்துவிடுவதில்லை, நீறுபூத்த நெருப்பாகச் சில கலங்களுள் ஒளிந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே மீண்டும் மூளும்.

குணப்படுத்தும் முயற்சி எதுவாயினும், அது பலித்ததா என்றறிய மருந்தை நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில், தொற்றின் மிக ஆரம்பக் கட்டத்திலேயே சிகிச்சை பெற்ற 8 பேர் வைத்தியர்களின் கண்காணிப்பில் அவ்வாறு நிறுத்தினர். முடிவு 2018இல் வெளியானது. எட்டுப் பேரிலும் இரண்டு மாதங்களுக்குள் கிருமி திரும்பியிருந்தது.

2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, இதேபோல் மருந்தை நிறுத்திய 29 பேரின் குருதியை ஆராய்ந்தது. இன்டர்பெரோனை ஏராளமாகச் சுரக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் நம் உடலில் உண்டு. வைரசு நுழைந்தால் முதலில் விழித்துக்கொள்ளும் காவலர் வரிசையில் இவை அடங்கும். கிருமி பரிசோதனையில் தென்படுவதற்கு முன்னரே, அரைகுறையாக விழித்த இக்கலங்களின் விகிதம் குருதியில் கூடியிருந்தது. அதே வேளையில், ஆய்வுகூடத்தில் தூண்டியபோது அவற்றின் சுரக்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருந்தது. உடலினுள் ஏற்கெனவே சுரந்து களைத்துவிட்டன போலும்!

இத்தகைய செய்திக்கு 'எயிட்ஸ் ஒழிப்பில் புரட்சி' என்று தலைப்பிடும் ஆசை எமது தொழிலுக்குப் புதிதல்ல. 2013இல் மிசிசிப்பிக் குழந்தை குணமடைந்துவிட்டதென்று கொண்டாடினோம். 2014இல் கிருமி திரும்பியது. அத்தகைய தலைப்பை நம்பி ஒருவர் மாத்திரையைக் கைவிட்டால் என்னாகும்? 33 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, மருந்தை விட்டுவிட்டு எடுத்தோரிடையே மரணம் அதிகமென்று காட்டியது. மேலும், இந்தப் புதிய அறிகுறி காய்ச்சலோ தடிமனோ அல்ல, வீட்டிலிருந்து கண்டுகொள்வதற்கு. ஆய்வுகூடத்தில் கலங்களை எண்ணித்தான் அறியலாம்.

ஆகவே இதன் பயன் முதலில் சேரவேண்டியது, ஆய்வுக்காகத் தம் உடலையே கொடுக்கும் தொண்டர்களுக்கு என்பேன். மருந்தில்லாத அந்த இடைவெளியில் அவர்கள் மட்டுமா ஆபத்திலிருக்கிறார்கள்? ஐரோப்பாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் துணைவருக்குத் தொற்று ஏற்பட்டதும் பதிவாகியுள்ளது. 29 பேர் சிறு தொகைதான். ஆயினும் இனிவரும் ஆய்வுகளில் கிருமியை எண்ணும்போது இக்கலங்களையும் சேர்த்து எண்ணலாம். அடையாளம் உறுதிப்பட்டால், கிருமி பெருகுமட்டும் காத்திராமல் மருந்தை மீண்டும் தொடங்கலாம். துணைவரையும் வேளையோடு எச்சரிக்கலாம்.