ஈர்ப்புத் தரவைப் பூட்டிவைத்துவிட்டு ஜியாய்டு தயாரிக்க முடியாது
(நில அளவையாளர் சங்கச் செயற்குழுவின் நிலைப்பாடு)

காவிரி டெல்டா வடிகால் பணிகளுக்கு ஈஜிஎம்2008 உலக மாதிரியை எடுத்து, கைவசமுள்ள பெஞ்ச் மார்க்குகளோடு பொருத்தித் திருத்தினால் போதும் என்கிறது புதிய ஒப்பந்த விதி. அப்படிக் கிடைக்கும் பரப்புக்கு ‘வட்டார ஜியாய்டு’ என்று பெயரும் சூட்டியாயிற்று. விதியை இன்றைய வடிவில் சங்கம் ஏற்கவில்லை.

உலக மாதிரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பெரும்பள்ளத்தின் சரிவில்தான் நம் கடற்கரை இருக்கிறது. இத்தகைய பெரிய வடிவங்களை உலக மாதிரி நன்றாகவே காட்டும். ஆனால் அதன் நுணுக்கம் சுமார் 9 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கும் கீழே போகத் தரையில் எடுத்த ஈர்ப்பு அளவுகள் வேண்டும்.

பெஞ்ச் மார்க்கோடு பொருத்துவதில் என்ன கேடு என்று கேட்கிறார்கள். சாலை அகலப்படுத்தும்போது மதகோரம் இருந்த பி.எம். கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் பக்கத்தில் நட்டுவிட்டுப் போகிறார்கள். பதிவேட்டில் பழைய உயரம் அப்படியே நிற்கிறது. கல் 20 செ.மீ. இறங்கியிருந்தாலும் கணினி அதை நம்பிப் பரப்பை வளைத்துக்கொள்ளும். கிலோமீட்டருக்கு 10 செ.மீ. இறக்கமுள்ள வாய்க்காலில் அந்தப் பிழை புகுந்தால் தண்ணீர் வரைபடத்தில் மட்டும்தான் ஓடும். ஈர்ப்பிலிருந்து தனியாகக் கணித்த ஜியாய்டு கையில் இருந்தால் அந்தக் கல் முதல் ஒப்பீட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

கணிக்கும் முறை பற்றிச் செயற்குழுவில் இரு கருத்து உண்டு. ஸ்டோக்ஸ் தொகையீட்டைத் திருத்திய எடைகளோடு பயன்படுத்துவதாயினும், மீச்சிறு வர்க்க முறையாயினும், தேர்வுகள் வெளிப்படையாக இருக்கும்வரை இரண்டும் ஏற்கத்தக்கவை எனக் கருதுகிறோம். அமெரிக்காவின் கொலராடோவில் ஒரே தரவை வைத்துப் பல நாட்டுக் குழுக்கள் தத்தம் முறையில் கணித்தபோது, மலைப்பகுதியிலேயே முடிவுகள் பெரும்பாலும் சில சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போயின. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நிலத்தோற்றத் திருத்தம் கட்டாயம் வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

ஆகவே முறையைக் காட்டி எங்களைத் திசைதிருப்ப வேண்டாம். தரவு எங்கே? கிராவிமீட்டரைத் தோளில் சுமந்து வெயிலில் அலைந்து எடுத்தவர்களில் நம் உறுப்பினர்களும் உண்டு. அந்த அளவுகளைக் கேட்டால் ‘பாதுகாப்பு’ என்று ஒரே பதில். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் புவிசார் வழிகாட்டுதல்களில் ஈர்ப்புக்கான வரம்பு 1 மில்லிகால். அதைவிட நுட்பமான தரவை இந்திய நிறுவனங்கள் சேகரிக்கவோ பயன்படுத்தவோ அவை தடை போடவில்லை. அப்படியானால் இந்த அலமாரிச் சாவி யாருக்காக?

வெறும் எண்களைத் தந்து கைகழுவுவதும் உதவாது. பழைய அளவுகள் பாட்ஸ்டாம் அடிப்படையில் எடுத்தவையா, 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு வலையில் எடுத்தவையா என்று தெரிந்தாக வேண்டும். இரண்டுக்கும் சுமார் 14 மில்லிகால் வித்தியாசம். அளவெடுத்த இடத்தின் உயரம் 3 மீட்டர் தவறினால் ஏறத்தாழ 1 மில்லிகால் தவறும். சுற்றிலும் 100 கிலோமீட்டருக்கு 1 மில்லிகால் ஒரே பக்கமாகப் பிழைத்தால், திருத்தாத ஸ்டோக்ஸ் கணக்கில் ஜியாய்டு சுமார் 10 செ.மீ. நகரும். பாரோமீட்டரில் எடுத்த உயரமா, லெவலிங்கில் எடுத்ததா, ஆயத்தொலைவு எவரெஸ்ட் நீள்கோளத்திலா, டபிள்யூஜிஎஸ்84-இலா என்ற குறிப்பு இல்லாத தரவு குப்பை. இந்தச் சொல் கடுமையானது எனச் சில உறுப்பினர்கள் கருதினர். பெரும்பான்மை முடிவுப்படி நீக்கவில்லை.

உள்ள தரவைக் குறிப்புகளோடு, இயன்றவரை விரைவாக, கணிக்க முன்வரும் பல்கலைக்கழகங்களுக்கேனும் தர வேண்டும். சாலையோரமாகவே அளந்து விட்டுப்போன இடைவெளிகளில் புதிதாக அளக்க வேண்டும். பொருத்துவதற்குப் பயன்படுத்தாத பெஞ்ச் மார்க்குகளைத் தனியே ஒதுக்கி, அவற்றைக் கொண்டு முடிவைச் சரிபார்க்க வேண்டும். விதி திருத்தப்படும்வரை, டெல்டாப் பணிகளின் உயர அறிக்கைகளில் ‘ஜியாய்டு’ என்ற இடத்தில் ‘பொருத்திய பரப்பு’ என்று திருத்தி எழுதிய பிறகே கையெழுத்திடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.