நூற்றில் ஒன்று குறைந்தால்

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்தவர்கள் யுரேனஸ் வளையத்தின் கதையைக் கேட்டிருக்கலாம். 1977 மார்ச்சில் அந்தக் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் குறுக்கே வருவதற்கு முன்பே ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. வேறிடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அது வளையத்தின் வேலை என்று தெரிந்தது. வளையத்தை யாரும் பார்க்கவில்லை. குறைந்த ஒளி காட்டிக்கொடுத்தது.

டிசிபி இணைப்பைக் கடத்துபவர்களின் வழியும் இதுதான். 2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். லினக்ஸ் கர்னல் 3.6 முதல் இருந்த ஓட்டை அது. அதன் பிறப்புதான் நாம் கவனிக்க வேண்டியது.

வரிசை எண்ணைத் துல்லியமாக அறியாமல், சாளரத்துக்குள் விழும் ஓர் எண்ணை ஊகித்தாலே இணைப்பை அறுத்துவிடலாம் என்று 2004இல் பால் வாட்சன் விளக்கியிருந்தார். அதை அடைக்க 2010இல் ஆர்எஃப்சி 5961 வந்தது: சந்தேகத்துக்குரிய பாக்கெட் வந்தால் இணைப்பை அறுக்காதே, மறுமுனைக்கு ஒரு ‘சேலஞ்ச் ஆக்’ அனுப்பி உறுதிசெய்துகொள். இந்தப் பதில்களே சுமையாகிவிடக் கூடாது என்று லினக்ஸ் ஒரு வரம்பு வைத்தது: நொடிக்கு 100, மொத்தக் கணினிக்கும் சேர்த்து.

தாக்குபவர் சர்வரோடு தன் பெயரிலேயே ஓர் இணைப்பு வைத்துக்கொள்கிறார். பிறகு வேறொருவரின் முகவரியில் ஒரு பொய் பாக்கெட்டை அனுப்புகிறார். அதே நொடியில் தன் இணைப்பின் வழியே நூறு சேலஞ்ச் ஆக்குகளை வரவழைக்கிறார். நூறும் வந்தால் ஊகம் தவறு. தொண்ணூற்றொன்பது வந்தால், மீதி ஒன்று அந்த வேறொருவருக்குப் போயிருக்கிறது, ஊகம் சரி. இப்படியே போர்ட் எண், வரிசை எண், ஒப்புகை எண் என்று ஒவ்வொன்றாகக் கறந்துவிடலாம். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். இங்கே வேலி பயிரை மேயவில்லை. பயிர் எங்கே இருக்கிறது என்று ஆட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இது புதிய பிழையும் அல்ல. 1985இல் ராபர்ட் மோரிஸ் சுட்டிக்காட்டிய 4.2 பிஎஸ்டி குறையும் இதே குலம்தான்: எல்லா இணைப்புகளுக்கும் தொடக்க எண்ணை ஒரே எண்ணி தந்தது. தன் இணைப்பின் எண்ணைப் பார்த்தவர் அடுத்தவருடையதைக் கணிக்க முடிந்தது. 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சுதோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் நுழைந்த தாக்குதல் அந்த வழியில்தான் வந்தது. 1996இல் ஸ்டீவ் பெல்லோவின் ஆர்எஃப்சி 1948இல் சொன்ன மருந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ரகசியத்தோடு கலந்த தனி எண்வெளி. அந்தப் பாடத்தைத் தொடக்க எண்ணுக்கு மட்டும் படித்துக்கொண்டோம்.

2016இன் திருத்தம் வரம்பை 1000 ஆக உயர்த்தி, அதையும் நிலையாக இல்லாமல் கலைத்துவிட்டது. அளவீட்டில் இரைச்சல் கூடியது. ஆனால் எண்ணி பொதுவாகவே இருந்தது. 2022இல்தான் அந்தப் பொது வரம்பு பெயர்வெளிவாரியாகப் பிரிக்கப்பட்டு, இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது.

ஆகவே கர்னல் நிரலையோ சாதன நிரலையோ மறுஆய்வு செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரம்பு, எண்ணி, தற்காலிக நினைவகம் எதைக் கண்டாலும் கேளுங்கள்: ஒருவரோடு நான் நடத்தும் உரையாடல் இதைத் தொட்டால், இன்னொருவரால் அதை உணர முடியுமா? முடியும் என்றால் அதைப் பிரித்துவிடுங்கள். இரைச்சல் சேர்த்துத் திருப்தியடையாதீர்கள்.

நிர்வாகிகளுக்கு: சர்வர்களைப் புதுப்பித்துவிட்டு, பழைய கர்னலில் ஓடும் ரவுட்டரையும் கேமராவையும் மறந்துவிடுகிறோம். டிஎல்எஸ் இருக்கிறதே என்பதும் அரை ஆறுதல்தான். அது உள்ளே பொய்யைத் திணிக்க விடாது. இணைப்பு அறுபடுவதைத் தடுக்காது. நாள்கணக்கில் நீடிக்கும் பிஜிபி போன்ற இணைப்புகளுக்கு, லினக்ஸ் 6.7 முதல் கிடைக்கும் டிசிபி-ஏஓ சான்றுறுதியைச் சோதித்துப் பாருங்கள்.

காவலூரில் அன்று மங்கிய ஒளியைப் பழுதென்று ஒதுக்கவில்லை. நம் பதிவேடுகளில் எண்ணிக்கை ஒன்று குறைந்தால் நாமும் அப்படித்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும்.