காரில் கதைக்கலாம்



1998 ஓகஸ்ட் இறுதியில் நோர்வேயின் பிரதமர் ஷெல் மாக்னே பொண்டெவிக் மருத்துவ விடுப்பில் போனார். காய்ச்சல், நாரிப்பிடிப்பு என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனச்சோர்வு என்றே நாட்டுக்கு அறிவித்தார். மூன்றரை வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். 2001இல் மக்கள் முன் போய் மறுபடியும் பிரதமராகவும் வந்தார்.

அந்த நாட்டில்தான் தமிழர்களாகிய நாங்களும் வாழ்கிறோம். ஆனாலும் எங்கள் வீடுகளில் அம்மாவுக்கு மாதக்கணக்காகத் தலையிடி. பரசெற் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். அப்பா இரவு வேலை முடிந்து வந்து தனியே இருந்து குடிக்கிறார். களைப்பு என்று விட்டுவிடுகிறோம். பிள்ளை நித்திரை வரவில்லை என்றால் போனைப் பறிக்கிறோம். வெளியே தெரிந்தால் நாலு சனம் என்ன சொல்லும் என்ற பயம், வீட்டுக்குள்ளேயே ஆளுக்காள் கதைக்காமல் செய்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து மகனைக் காரில் கூட்டிவந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவன், "ஒன்றிலும் மனம் போகுதில்லை அம்மா" என்றான். சோதனை வருகிறதே என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். வீட்டுக்குத் திருப்பாமல் நேரே ஓட்டியபடி, "எவ்வளவு நாளாய் அப்பன்?" என்று மட்டும் கேட்டார். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத அந்த இருக்கையில் இருந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். புத்தி சொல்லாமல் கேட்ட அந்தத் தாயை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்படிக் கேட்டபின் அடுத்த படி குடும்ப வைத்தியர். 16 வயதானால் பிள்ளை தானாகவே போகலாம். மொழி இடைஞ்சலான பெரியவர்கள் தயவுசெய்து பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தாயின் அழுகையை மகள் நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாரம்! 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அரச சேவைகள் சிறுவரை இப்படிப் பயன்படுத்தக் கூடாது. மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யச் சொல்லிக் கேளுங்கள். "அவரும் எங்கடை ஆளாய் இருந்தால், கதை வெளியே போகாதோ?" என்று பலர் தயங்குகிறீர்கள். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது அவருக்குச் சட்டக் கடமை.

வீட்டில் எவரும் விழித்திராத நேரத்தில் கதைக்க ஒருவர் வேண்டுமானால் 116 123. மென்டல் ஹெல்செ அமைப்பின் உதவி இலக்கம் அது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.