எப்பருவம் ஏற்ற பருவம்?

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தவர்கள் நம் முன்னோர். அவற்றுள் முன்பனி, பின்பனி எனப் பனிக்கு இரண்டு இடம் ஒதுக்கினர். ஆயினும் நாம் அறிந்த பனி புல்நுனியில் நிற்கும் பனி. வெயில் ஏறினால் மறைந்துவிடும். கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் விழும் பனியோ ஏறத்தாழ ஐந்து மாதம் தரையிலேயே கிடக்கிறது. அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழே 16 டிகிரி செல்சியஸ்!

இத்தகைய நாட்டிற்குக் குடியேறப் போகிறவர் எந்த மாதத்தில் போய் இறங்குவது நல்லது? நம் மாணவ நண்பர்கள் இக்கேள்வியைக் கேட்டு நான் கண்டதில்லை. விசா எப்போது வரும், கட்டணம் எவ்வளவு, எந்த வங்கி கடன் தரும் என்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. மே மாதமே ஏற்ற மாதம் என்பது என் கருத்து. அதாவது, நம் சித்திரையின் பின்பாதியும் வைகாசியின் முன்பாதியும். இறங்கும் நாளில் குளிருமா குளிராதா என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அடுத்த குளிர்காலம் வருமுன் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதே கணக்கு.

இந்தக் கணக்குப் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வின்னிபெக் நகரின் வரலாறே சான்று. அந்நகரம் இன்றிருக்கும் செவ்வாற்றங்கரையில் ஒரு குடியேற்றத்தை அமைக்க, செல்கர்க் பிரபு என்னும் ஸ்காட்லாந்துச் சீமான் 1811 ஆம் ஆண்டு ஆட்களை அனுப்பினார். வழி ஹட்சன் விரிகுடா வழி. ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்து கிடப்பதால், கோடையின் பிற்பகுதியில்தான் கப்பல் உள்ளே நுழைய முடியும். ஜூலை இறுதியில் புறப்பட்டவர்கள் செப்டம்பர் இறுதியில் கரை சேர்ந்தனர். ஆறுகள் உறையப்போகும் நேரம். உள்நாட்டிற்குப் போக வழியில்லை. கடற்கரைப் பக்கமே குளிர்காலம் முழுவதையும் கழித்தனர். பலருக்கு ஸ்கர்வி நோய் கண்டது. 1812 ஆகஸ்டு இறுதியில் செவ்வாற்றங்கரையை அடைந்தபோது, அவ்வாண்டு அறுவடைக்கு விதைக்கும் காலம் கடந்துவிட்டது. பின்னால் பெண்டு பிள்ளைகளோடு வந்த கூட்டமோ அக்டோபர் கடைசியில் வந்து சேர்ந்தது. எல்லோரும் தெற்கே பெம்பினா என்னும் இடத்திற்குப் போய், காட்டெருமை இறைச்சியை நம்பி உயிர் பிழைத்தனர். வேட்டையாடி உதவியவர்கள் அம்மண்ணின் பூர்வகுடி மக்கள். இவர்கள் நிலத்தைப் பிடிக்க வந்தவர்கள் என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

இன்று கடைக்குப் போனால் உணவு கிடைக்கும். யாரும் காட்டெருமையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் புதிதாய்ப் போகிறவருக்கு விதைப்புக் காலம் ஒன்று இன்றும் உண்டு. வீடு பார்க்க வேண்டும். வேலை தேட வேண்டும். பேருந்துத் தடங்கள் பிடிபட வேண்டும். பனியில்லாத சாலையில் வண்டி ஓட்டிப் பழக வேண்டும். கார் இல்லாதவர் இவற்றையெல்லாம் நடந்தே செய்தாக வேண்டும். வின்னிபெக்கில் ஜூன் மாதம் பதினாறு மணி நேரம் பகல். டிசம்பரில் எட்டே மணி நேரம். அந்தக் குறுகிய பகலிலும் சூரியன் தாழ்ந்தே செல்வதால், தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கு வேண்டிய கதிர்கள் தரைக்குப் போதிய அளவில் வருவதில்லை. நம்மைப் போன்ற கருநிறத்தவருக்கோ வெள்ளையரைவிட மிகுந்த வெயில் தேவை. மே மாதம் போகிறவர் ஐந்து மாத வெயிலைச் சேர்த்துக்கொண்டு குளிருக்குள் நுழைகிறார்.

மார்ச் மாதத்திலேயே வசந்தம் பிறந்துவிடுகிறதே எனச் சிலர் வினவலாம். நாட்காட்டியில் பிறக்கிறது, தரையில் பிறப்பதில்லை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க மட்டும் 80 கலோரி வேண்டும். கிடக்கும் பனியெல்லாம் உருகும் வரை அங்கே வெயிலுக்கு அந்த வேலைதான். மறைவெப்பத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடுகிறோமே!

ஜனவரியிலேயே போய் இறங்குவது மேல், மோசமானதை முதலில் பார்த்துவிடலாம் என வாதிடுவோரும் உண்டு. இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஜூனில் வீடு பிடிப்பவருக்குப் பேருந்து நிறுத்தம் பதினைந்து நிமிட நடை என்பது பெரிதாகப் படாது. சுழிக்குக் கீழ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்றும் வீசினால், உடல் உணர்வது சுழிக்குக் கீழ் 33 டிகிரிக் குளிர். மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்திற்குள் உறைந்துவிடக் கூடும். அப்போது தெரியும் அந்தப் பதினைந்து நிமிடம்! ஆனால் இதை அறிந்துகொள்ள ஜனவரியில் போய்த்தான் அனுபவிக்க வேண்டுமா? முன்பே போனவரிடம் கேட்டாலே போதும்.

கனடா முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வான்கூவரில் ஜனவரிச் சராசரி சுழிக்கு மேலேதான். அங்கே மழைதான் தொல்லை. டொரான்டோ இரண்டுக்கும் இடைப்பட்டது.

பருவம் பார்ப்பது எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. 1986 ஆகஸ்டில் ஈழத்தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்தபோது, மீனவர்கள் அவர்களை மீட்டனர். உயிருக்கு ஓடுகிறவரிடம் பருவத்தைப் பற்றிப் பேசுவது அறிவீனம்.

மாணவர்களாகிய நம் நிலை வேறு. கல்லூரிச் சேர்க்கை அங்கே பெரும்பாலும் செப்டம்பரில், அடுத்தது ஜனவரி, சில இடங்களில் மே மாதமும் உண்டு. மே கிடைக்காதவருக்குச் செப்டம்பர் இரண்டாவது நலம். ஆகஸ்டில் போய்விட்டால் இரண்டு மாதமாவது மிஞ்சும். தரகர்களோ ஜனவரியைப் பற்றி "கூட்டம் குறைவு, இடம் எளிது" என்று மட்டுமே சொல்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நாம். அதைக் கேட்டு, அடகு வைத்த பணத்தோடு பருத்திச் சட்டையில் போய் இறங்குகிறோம். எச்சரிக்க வீட்டில் ஆளில்லை.

ஜனவரிக்கான சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டவர், அதை ஒத்திப்போட முடியுமா என்று அக்கல்லூரிக்கே நேராக எழுதிக் கேட்கலாம். பல கல்லூரிகள் இடம் கொடுக்கின்றன. கேட்டால் இடமே போய்விடும் எனத் தரகர் அச்சுறுத்துவார். கடிதத்தில் அப்படி உண்டா என்று நாமே படித்துப் பார்ப்போம். ஆங்கிலம் தடுக்கினால் கேட்பதற்கு நம் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.