பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும்

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. நாற்காலியில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். பிளஸ் டூ முடித்த பிள்ளை பின்னால் நின்றுகொண்டிருக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எதை முதலில் போடுவது என்று எல்லாவற்றையும் கடைக்காரரே முடிவு செய்வார். அவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

அரூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு நடத்துகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கல்லூரி விருப்பப் பட்டியலை அந்தப் பிள்ளையே எழுத வேண்டும். அதற்கான இடத்தையும் ஆளையும் அரசுப் பள்ளியே தர வேண்டும்.

கட்-ஆஃப் கணக்கு எங்கள் பிள்ளைகளுக்கு அத்துப்படி. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 74 வாங்கியவர் 152 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். அந்த 152-ஐ வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. 2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்தது. சென்னைக்குப் பஸ் ஏறும் அலைச்சல் போனது பெரிய நன்மை. ஆனால் முடிவெடுக்கும் பாரம் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாணவரின் ரேங்க் வரும்போது கணினி அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். பொதுப் பிரிவிலோ அவருடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் காலியாக இருக்கிற முதல் விருப்பம் எதுவோ, அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே கிடைக்காது என்று நினைக்கிற கல்லூரியை மேலே போட்டால் எந்த நஷ்டமும் இல்லை. அது இல்லையென்றால் அடுத்ததற்குத் தானாகப் போகும். எளிதாகக் கிடைப்பதை மேலே போட்டால்தான் நஷ்டம். ஒதுக்கீடு வந்த பிறகு, இதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளது கிடைத்தால் மாறிக்கொள்கிறேன் என்று சொல்லவும் வழி உண்டு. அந்த மாற்றமும் பட்டியலில் அதற்கு மேலே எழுதியவற்றுக்கு மட்டும்தான்.

என் மாணவி ஒருத்திக்கு கட்-ஆஃப் 161. எலெக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. அவள் அப்பா மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றும் தொழிலாளி. “கெடைக்கிறத மொதல்ல போடும்மா, கெடைக்காதத அப்புறம் பாத்துக்கலாம்” என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். தெருவுக்கே பஸ் வரும் தனியார் கல்லூரி முதலில் போனது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி கீழே போனது. முதலில் போட்டதே கிடைத்துவிட்டது. அதே சமூகப் பிரிவில், அவளுக்குப் பின்னால் ரேங்க் வாங்கிய பையனுக்கு பர்கூரில் அதே பாடப்பிரிவு கிடைத்தது. “மிஸ், அந்த அண்ணன்தான் வரிசையா போட்டாரு, நான் ஓடிபி மட்டும் சொன்னேன்” என்றாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். இவள் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்ததால் அது கிடையாது. முதல் பட்டதாரி சலுகை போக மீதியைக் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். பஸ் கட்டணம் தனி.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேலை தட்டச்சு செய்வது. கோபம், தேர்வு முடிந்த ஏப்ரல் மாதத்திலேயே வீடு வீடாக வரும் ஏஜென்டுகள்மேல். ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்பார்கள், பேருக்கு ஒரு முன்பணம் கேட்பார்கள், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை வேறு கல்லூரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஏஜென்டுக்கு எங்கிருந்து வரும்? பெற்றோரே, ஜெராக்ஸைக் காட்டுங்கள். ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் எதை எழுதுவது? இப்போது எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். நன்றாக இயங்கும் கல்லூரிகள் எத்தனை இடம் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம் என்று 2024-25 முதல் ஏஐசிடிஇ உச்சவரம்பை எடுத்துவிட்டதால் அந்த இடங்கள் பெருகியும் விட்டன. அந்தப் படிப்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடப்பிரிவின் பெயரை மட்டும் பார்த்துக் கல்லூரியைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. பேனர் விளம்பரத்தைவிட அந்தப் பட்டியல் அதிகம் சொல்லும். ஒரு வேலை நாளில் கல்லூரிக்கே நேராகப் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல், வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர்? லேப் தினமும் திறக்கிறதா? பிளேஸ்மென்டுக்கு வந்த கம்பெனி உங்கள் பிரிவில் எத்தனை பேரை எடுத்தது? இந்தக் கேள்விகளை அப்பா அல்ல, பிள்ளையே கேட்க வேண்டும். கணக்கு பிடிக்காத பிள்ளையை இந்த வரிசையிலேயே நிறுத்தாதீர்கள். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பிடித்த பாடத்தைப் படித்து நன்றாக இருக்கும் என் மாணவர்கள் பலர்.

இடம் கிடைத்ததும் பெட்டி, ஷூ, லேப்டாப் பை என்று வீடு பரபரப்பாகிவிடும். வேண்டியதுதான். ஆனால் மார்ச்சில் தேர்வு முடிந்ததிலிருந்து வகுப்பு தொடங்கும்வரை நான்கைந்து மாதம் பாடத்தைத் தொடாமலே போகிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் செமஸ்டரில் கணக்கு பேப்பரில் அரியர் வைத்துவிட்டு வந்து அழும் பிள்ளைகளைப் பார்த்தால், பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். அணிகளும் வகையிடலும் அவர்களுக்குத் தெரியாதவை அல்ல. அதே கணக்கு ஆங்கிலத்தில் வேகமாக வரும்போது கை நின்றுவிடுகிறது. நம் பாடநூல் இரண்டு வழியிலும் ஒன்றே. கணக்குக்குக் கணக்கு அதே வரிசை. ஆங்கிலவழிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினம் ஒரு மணி நேரம், தமிழில் போட்ட அதே கணக்கை ஆங்கிலப் புத்தகத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் செய்தால் முதல் செமஸ்டர் பயமுறுத்தாது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய்க்கு, கல்லூரியில் சேருவதற்கு முன்பே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைச் சரிபார்த்து வையுங்கள்.

நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு உயர்கல்வி பற்றிய பேச்சு பள்ளிக்குள் வந்திருக்கிறது. கலந்தாய்வுக்கு உதவி மையங்களும் இருக்கின்றன. ஆனால் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு அந்த மையம் ஒரு நாள் பயணம். ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் எழுதக் கிடைப்பது சில நாட்கள்தான்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, பிள்ளையின் மதிப்பெண்ணும் வீட்டு நிலைமையும் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார். விருப்பப் பட்டியல் எழுதும் நாட்களில் மட்டும் மாலை நான்கரைக்கு மேல் அந்த லேபை முன்னாள் மாணவர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். புதிதாகக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். இரவு எட்டு மணி வரை உட்கார நான் தயார். என்னைப் போல ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியராவது இருப்பார். இந்த ஆண்டுக் கலந்தாய்வுக்கே அந்த உத்தரவைப் போடுங்கள்.